பம்புக்குக் கீழே ஒரு நீல வாளி

எங்கள் வீட்டில் ஒரு நீல வாளி இருந்தது. சாதாரண பிளாஸ்டிக் வாளிதான். விளிம்பில் கீறல் விழுந்ததும் என் மனைவி சிதம்பரம் கடைத்தெருவில் வேறொன்று வாங்கி வந்துவிட்டாள். "பழச வெளிய போட்டுடுங்க" என்றாள். நான் போடவில்லை. காலையில் அதைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றி, செம்மங்குப்பத்தில் நான் வேலை பார்க்கும் கெமிக்கல் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனேன். அங்கே காஸ்டிக் கரைசலைத் தள்ளுகிற பம்ப் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு விழுந்த இடத்தில் வாளியை வைத்தேன்.

காஸ்டிக் தோலில் பட்டால் வெந்துபோகும். கண்ணில் பட்டால் கண்ணே போய்விடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எல்லோருக்கும் சொல்லித் தருகிற பாடம் இது. ஷிப்ட் இன்சார்ஜாக இருந்த நானே எத்தனை பேருக்குச் சொல்லித் தந்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஏன் வாளியைத் தேடிப் போனேன் என்று கேட்டால், தொழிற்சாலை வாசலில் தொங்கிய போர்டைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

"விபத்தில்லா நாட்கள்" என்று அந்தப் போர்டில் எழுதியிருக்கும். அதற்குக் கீழே எண். தினமும் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும். ஒவ்வொரு நூறுக்கும் கேன்டீனில் பிரியாணி. ஐந்நூறு வந்தால் ஆளுக்கொரு குக்கர் என்று அறிவித்திருந்தார்கள். காயம், கசிவு என்று எதைப் பதிவேட்டில் எழுதினாலும் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். எழுதாமல் பம்பைக் கழற்றவும் முடியாது, ஏனென்றால் பதிவேட்டு நம்பர் இல்லாமல் மெயின்டனன்ஸ்காரர்கள் ஸ்பேனரைத் தொட மாட்டார்கள். போதாக்குறைக்குப் பம்பை நிறுத்தினால் அன்றைய உற்பத்தி குறையும், அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் வீட்டில் ஒரு வாளி சும்மா கிடந்தது. அதைக் கொண்டுபோய் வைத்த அன்று, பெரிய சிக்கலைத் தீர்த்துவிட்டதுபோல எனக்குப் பெருமைகூட வந்தது.

ஒரு மாதத்தில் வாளி எங்கள் வேலையில் ஒரு பகுதியாகிவிட்டது. ஷிப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கிறவர்கள், "டேங்க் லெவல் பாத்தாச்சு, வாளி ஊத்தியாச்சு" என்று ஒரே மூச்சில் சொன்னார்கள். புதிதாக வந்த ஒருவர் அதைப் பம்போடு வந்த சாமான் என்றே நினைத்திருந்தார். நாங்கள் சிரித்தோம்.

என் மனைவியின் தம்பியும் அதே ஷிப்ட். வேலை வாங்கித் தந்தது நான்தான். அவன் என்னை மாமா என்பான், நான் அவனை மச்சான் என்பேன். ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னான்.

"மாமா, இப்பல்லாம் சொட்டு ஜாஸ்தியா இருக்கு. ஒரு ஷிப்டுக்கு ரெண்டு தடவ ஊத்த வேண்டியிருக்கு. எழுதிடலாமா?"

அன்று போர்டில் எண் நானூற்றுத் தொண்ணூற்றாறு.

"நாலு நாள் பொறுத்துக்கடா மச்சான். அப்புறம் நானே எழுதுறேன்" என்றேன்.

மறுநாள் காலை பதினோரு மணி இருக்கும். அவன் குனிந்து வாளியைத் தூக்கியிருக்கிறான். வியர்வையில் பாதுகாப்புக் கண்ணாடி மங்கிப்போய் ஒன்றும் தெரியாததால், அதை நெற்றிக்கு ஏற்றி விட்டிருக்கிறான். பாதி தூக்கும்போது கைப்பிடி ஒரு பக்கம் பிய்ந்துவிட்டது. வாளி தரையில் மோதி, உள்ளே இருந்தது முகத்துக்கு எகிறியது. அவன் போட்ட சத்தம் எனக்குக் கன்ட்ரோல் ரூம் வரைக்கும் கேட்டது. தண்ணீரைத் திறந்துவிட்டு, அதற்கடியில் அவன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "கண்ணத் தொறடா, கண்ணத் தொறடா" என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. கடலூருக்குக் கொண்டுபோய், அங்கிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். வலது கண் தப்பியது. இடது கண் போய்விட்டது.

அன்று மத்தியானமே பம்பைக் கழற்றிச் சரிசெய்துவிட்டார்கள். அரை ஷிப்ட் வேலை, அவ்வளவுதான்.

விசாரணைக்கு ஆட்கள் வருவதற்கு முன்னால் நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். வாளியைக் கழுவினேன். பழைய சாமான்கள் கிடக்கும் இடத்தில் கொண்டுபோய்ப் போட்டேன். அவர்கள் என்னைக் கேட்டது ஒரே கேள்விதான், சம்பவத்தின்போது அவர் கண்ணாடி போட்டிருந்தாரா என்று. போடவில்லை என்றேன். அது உண்மை. "ஊழியரின் கவனக்குறைவு" என்று எழுதிய தாளில் சாட்சியாகக் கையெழுத்தும் போட்டேன். மச்சான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் வாளியைப் பற்றி வாய் திறக்கவில்லை. அக்கா புருஷன் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்திருப்பான். அவனை ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

அடுத்து வந்த நாட்களில்தான் அந்தத் தாளின் கனம் எனக்குப் புரிந்தது. அவன் மகள் சிதம்பரத்தில் கல்லூரியில் படிக்கிறாள், அதுவும் கெமிஸ்ட்ரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"அப்பா, எங்க லேப்ல ஃபர்ஸ்ட் இயர் பொண்ணுங்ககூட கண்ணாடி போடாம நிக்க மாட்டாங்க. நீங்க ஏம்ப்பா போடல?"

அவன் தட்டைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"சின்ன வயசுலேர்ந்தே இவன் இப்படித்தான், எதுலயும் அலட்சியம்" என்றாள் என் மனைவி. தம்பி மேல் இருந்த பாசம் அவளுக்குக் கோபமாகத்தான் வந்தது. நான் ரசம் கேட்டேன். அந்த நேரத்தில் எனக்கு ரசம் வேண்டியிருந்தது. என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிற நாட்களில் முதலாவது அந்த ஞாயிறுதான்.

ஒரு வருஷம் போனது. போர்டு மறுபடி முந்நூறைத் தாண்டியிருந்தது. அப்போதுதான் நிர்வாகம் சென்னையிலிருந்து ஒரு அம்மாவை வரவழைத்தது. தொழிற்சாலைகள் எப்படி நடக்கின்றன என்று பார்த்து, மாற்றத்துக்கு வழி சொல்கிறவராம். ட்ரெய்னிங் என்றாலே எனக்கு எரிச்சல். ஏசி ரூம், கலர் கலராகப் படம், கடைசியில் ஒரு சமோசா. ஆனால் அந்த அம்மா படம் எதுவும் காட்டவில்லை. ஆளுக்கொரு சாக்பீஸ் கொடுத்தார்.

"பிளான்ட்டைச் சுத்தி நடந்து வாங்க. பிளான்ட்டோட டிராயிங்ல இல்லாத எதைப் பாத்தாலும் அதைச் சுத்தி ஒரு வட்டம் போடுங்க. யார் வச்சாங்கன்னு எழுத வேண்டாம். எதுக்கு வச்சாங்கன்னு மட்டும் எழுதுங்க" என்றார்.

நடந்தோம். பைப் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்த செங்கல். வால்வில் சுற்றிய கோணி. மோட்டாரைத் தட்டி எழுப்ப வைத்திருந்த கட்டை. எங்கே திரும்பினாலும் வட்டம். இத்தனை நாள் இதற்குள்தான் நடமாடினோமா என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

மச்சான் எங்கள் குழுவில்தான் வந்தான். காஸ்டிக் பம்ப் பக்கத்தில் வந்ததும் நான் தரையைப் பார்த்தேன். அங்கே ஏற்கெனவே ஒரு வட்டம் இருந்தது. வாளி இருந்த தடம், உப்புப் பூத்து வெள்ளையாக. அவனும் பார்த்தான். சாக்பீஸ் கையில் இருந்தது. ஒன்றும் எழுதாமல் என்னைத் தாண்டிப் போனான்.

ஹாலுக்குத் திரும்பியதும் அந்த அம்மா ஒவ்வொரு வட்டத்தைப் பற்றியும் ஒரே கேள்விதான் கேட்டார்: "இதைப் பதிவேட்டுல எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" ஒவ்வொருவராகத் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னார்கள். எல்லாப் பதிலும் போர்டில் போய் முடிந்தது. அவர் வெள்ளைப் பலகையில் அம்புக்குறி போட்டார். போர்டில் எண் ஏற ஏற எழுதப் பயம் ஏறுகிறது. எழுதாததால் முட்டுக்கொடுப்பு பெருகுகிறது. முட்டுக் கொடுப்பதால் எண் இன்னும் ஏறுகிறது. அம்பு சுற்றி வந்து போர்டிலேயே நின்றது. எங்கள் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுவும் விட்டுப்போச்சா?" என்று கேட்டார் அந்த அம்மா.

எங்கள் ஷிப்ட் ஆட்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். மச்சான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். சமோசா வரும், கை கழுவிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு நொடி எனக்கும் தோன்றியது. தோன்றவில்லை என்றால் பொய். பிறகு எழுந்து நின்றேன்.

"ஒரு வாளி விட்டுப்போச்சு மேடம். எங்க வீட்டு வாளி. நான்தான் வச்சேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். நாலு நாள் பொறுத்துக்கொள்ளச் சொன்னதையும், வாளியைக் கழுவியதையும் சொன்னேன். நடுவில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மீதியையும் சொன்னேன்.

மேனேஜரின் முகம் இறுகிவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "இவரை இன்னைக்கு வெளிய அனுப்பினீங்கன்னா, நாளைக்கு இந்த ஹால்ல ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க சார். முடிவு உங்களது."

அந்த வாரமே போர்டை இறக்கினார்கள். எண் இருந்த இடத்தில் ஒரு கரும்பலகை வந்தது. இன்று எங்கே சொட்டுகிறது, எது ஆடுகிறது, எதற்கு முட்டுக் கொடுத்திருக்கிறோம் என்று யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். முதல் நாட்களில் ஒருவரும் கிட்டப் போகவில்லை. நான் தினமும் என் கையெழுத்தில் ஒன்றாவது எழுதினேன். மெதுவாக மற்ற கையெழுத்துகளும் வர ஆரம்பித்தன. எனக்கு மெமோ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

விசாரணை அறிக்கையைத் திருத்தி எழுதினார்கள். அதன் நகலை எடுத்துக்கொண்டு நானே ஸ்டோருக்குப் போனேன். சின்ன எழுத்துகளை ஒற்றைக் கண்ணால் படித்தால் மச்சானுக்குத் தலை வலிக்கும்.

"நீயே படி மாமா" என்றான்.

படித்தேன். முடிக்கும்வரை கவுன்டரில் கை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கவனக்குறைவுன்னு போட்டிருந்துச்சே, அது இருக்கா?"

"இல்லடா மச்சான். எடுத்துட்டாங்க."

அவன் அலமாரியைத் திறந்து, கவுன்டருக்கு வந்து நின்ற ஒருவருக்கு ஒரு புதுப் பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்து, ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கினான்.

"ரெண்டு ஜெராக்ஸ் எடு மாமா. ஒண்ணு எம் பொண்ணுக்கு" என்றான்.

"இன்னொண்ணு?"

"அக்காவுக்கு."

சாயங்காலம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒரு ஆட்டோவையும் கூப்பிடாமல் வீடு வரைக்கும் நடந்தே போனேன். மனைவி அடுப்படியில் இருந்தாள். தாளை நீட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, நின்றபடியே படித்தாள். இரண்டாவது பக்கத்தில் ஒரு வரிக்கு வந்ததும் படிப்பதை நிறுத்தினாள். மறுபடி அதே வரியைப் படித்தாள்.

"எந்த வாளி?" என்று கேட்டாள்.

"நீ வெளிய போடச் சொன்னியே, அந்த நீல வாளி" என்றேன்.