விமானியின் பல்லும் அம்மாவின் எச்சிலும்

ரந்தாவ் ஊரைத் தாண்டியிருக்கும் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில், ஜப்பான் காலத்துப் போரில் விழுந்த விமானத்தைத் தோண்டி, காணாமல் போன விமானியின் மிச்சத்தை எடுத்துப்போக வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. அவர்களை என் வேனில் ஏற்றி இறக்குவதும், தோட்டத்து ஆட்கள் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்வதும் என் வேலை. முதல் வாரத்திலேயே அலுத்துவிட்டது. செம்பனை மரங்களுக்கு நடுவே குழி, குழி நிறைய மழைத்தண்ணீர். எலும்பு தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் ஆளாளுக்குப் பையில் கொண்டுவந்து நீட்டினார்கள். எல்லாம் முனியாண்டி கோயிலில் வெட்டிய கிடாவின் எலும்பு. ஒவ்வொருவரிடமும் "இது ஆடு" என்று நான்தான் சொல்ல வேண்டும்.

இது போதாதென்று, ராசா ஊரில் என்னோடு இருக்கும் அம்மாவும் வருவேன் என்று அடம்பிடித்து வந்து உட்கார்ந்துகொண்டார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய அப்பாவை சயாமில் ரயில் பாதை போட இதே தோட்டத்திலிருந்து ஜப்பான்காரர்கள் கொண்டுபோனார்கள். தாத்தா திரும்பவில்லை.

"எச்சில வச்சி ஆளக் கண்டுபுடிக்கிறாங்கன்னு சொன்னியே. என்னோடதையும் எடுக்கச் சொல்லு."

"அவுங்க அவுங்க ஆளத் தேடுறாங்க லா. தாத்தா இங்கயா செத்தாரு?"

"நீ மொதல்ல கேளு."

எலும்பு பார்க்கும் நிபுணர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. கேட்டேன். ஒத்துப்பார்க்க எலும்பு இல்லாமல் எச்சில் மட்டும் உதவாது, தங்களுக்கு இந்த விமானத்தில் வந்தவரைத் தேட மட்டுமே அனுமதி என்றார். மறுநாளும் அம்மா கேட்கச் சொன்னார். அதற்கு மறுநாளும். வேனுக்குள் கத்திவிட்டேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு வழியாகச் சல்லடையில் தாடைத் துண்டு ஒன்று பல்லோடு கிடைத்தது. இம்முறை ஆடு இல்லை. எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அம்மா யாரையும் கேட்காமல் குழி ஓரத்தில் சூடம் ஏற்றினார். நான் தடுக்கப் போனேன். நிபுணர் விட்டுவிடும்படி கைகாட்டினார்.

பல மாதம் கழித்து நிபுணரே போன் செய்தார். விமானியின் மகளுடைய எச்சிலோடு பல் பொருந்திவிட்டதாம். அம்மாவிடம் சொன்னேன்.

"அப்பா மொகத்தப் பாத்த பொண்ணா?"

"இல்லம்மா. அவரு போனப்பறம்தான் பொறந்தாங்களாம். எலும்பு வச்ச பெட்டிய அவுங்க கையிலதான் குடுத்தாங்களாம்."

அம்மா கொஞ்ச நேரம் கீரை ஆய்ந்தார். பிறகு, "என்ன சயாமுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார்.

"அங்க போயி எங்கன்னு தேடுறது? எந்த எடம்னே தெரியாது."

"தேட வேணாம். போயி நிக்கிறேன், போதும்."

மூட்டு வலி, சர்க்கரை, வேன் ஓட்டம் என்று எல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஒரு மாதச் சண்டைக்குப் பிறகு கடப்பிதழ் எடுத்துக் கூட்டிப்போனேன்.

தண்டவாளத்தைப் பார்த்ததும், "இம்புட்டுச் சின்னதா?" என்றார். போத்தல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரளைக்கல் மேல் ஊற்றினார். வெயில் கொளுத்தியது. குடை பிடித்த கை எனக்கு மரத்துப்போனது.

"போலாமாம்மா?"

"இரு" என்றார்.