செம்புச் சத்தம்

தேயிலை விலை படுத்ததும் கட்டபெட்டுப் பக்கம் இருந்த எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். பெண்களுக்கு வாரத்தில் மூன்று நாள் கொழுந்து பறிக்கும் வேலையாவது இருந்தது. ஆண்களுக்கு அதுவும் இல்லை, விடிந்தால் சாராயம். என் வீட்டுக்காரன் வாயோடு நிறுத்திக்கொள்வான். எஸ்டேட் லைனில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், எனக்குப் பக்கத்து வீட்டுக்காரியின் புருஷன் கை நீட்டுவான். பாவி, அவள் வயிற்றில் பிள்ளை இருந்தபோதே உதைத்தவன்.

ஒருநாள் கொழுந்து பறித்துக்கொண்டே இருவரும் பேசி முடிவு செய்தோம். எங்கள் வீடுகளுக்கு நடுச்சுவர் ஒன்றுதான். அவள் அதில் செம்பால் மூன்று தட்டுத் தட்டினால் நான் ஓடி வர வேண்டும்.

"என்ன ஏதுன்னு கேக்கக் கூடாதுக்கா. கையில கெடச்சத எடுத்துக்கிட்டு வந்துரணும்."

"வர்றேன். ஆனா தலையில மட்டும் அடிக்கக் கூடாது. செத்துக்கித்துத் தொலைஞ்சான்னா நாம ஜெயில்ல களி திங்கணும், ஒம் புள்ள தெருவுல நிக்கும்."

அவள் சிரித்தாள். "அப்ப கால்ல போடுங்க. ஃபேக்டரிதான் மூடிக் கெடக்கே, காலு எதுக்கு அவனுக்கு?"

அந்த ஞாயிறு மத்தியானம், கொட்டுகிற மழையில், மூன்று தட்டுக் கேட்டது. விறகுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கதவைத் தள்ளினால் தரையில் கிடந்தது அவன்! நெற்றி கிழிந்து ரத்தம் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளையின் கையை அவன் திருகியிருக்கிறான், பிறகுதான் தெரிந்தது. அவள் செம்பை எறிந்துவிட்டு மண்வெட்டிக் காம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"என்னப் புடிங்கக்கா! கொன்னுருவேன், நிறுத்த முடியல, புடிங்க!"

பிடித்தேனா? இல்லை. வாசலிலேயே நின்றேன். ஓர் அடி விழுந்தது. வாங்குடா நாயே என்று என் மனசு துள்ளியது. அடுத்த அடியில் அவன் முழங்கை முறிந்தது எனக்கே கேட்டது. மூன்றாவதாக அவன் தலைக்கு ஓங்கினாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பிள்ளை "அம்மா" என்று வீறிட்டது. அப்போதுதான் கட்டையைப் போட்டுவிட்டு அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன்.

அவன் பிழைத்துக்கொண்டான். கை கோணிப்போனது, அதற்குப் பிறகு அதை அவன் யார்மேலும் ஓங்கவில்லை.

மறுபடி வேலைக்குப் போன அன்று, கூடையை முதுகில் மாட்டும்போது அவள் கேட்டாள். "பாத்துக்கிட்டே நின்னீங்களேக்கா. அவன் செத்திருந்தா எம் புள்ளைக்கு யாரு?"

"ஓடி வரணும்னுதான பேசினோம்? வந்தேன்ல?" என்று எரிந்து விழுந்தேன். சொன்னதுமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஆமாக்கா. புடிக்கணும்னு நாம பேசலதான்," என்றாள். பிறகு நாலு வரிசை தள்ளிப் போய்க் கொழுந்து பறிக்க ஆரம்பித்தாள்.