சங்கிலியைக் கொண்டுபோனவர்

போடிக்குப் பக்கத்தில் சிலமலை என்ற ஊரில் காவல் நாய்க்குட்டிகள் வளர்த்துக் கொடுத்த அந்தக் கிழிந்த பனியன்காரரை, படித்தவன் என்ற திமிரில் நான் ஏளனமாகவே பார்த்தேன். குட்டி கேட்டுப் போனால் பெண் கொடுப்பவர்போல விசாரிப்பார். மலைமேலிருந்த என் ஏலக்காய்த் தோட்டக் காவலுக்கு நான் கேட்டபோதும் அப்படித்தான்.

"ஏலத்தோட்டத்துல அவுத்து விடுவீகளா, கட்டிப்போடுவீகளா?"

"அவிழ்த்துத்தான் விடுவேன்," என்று பொய் சொன்னேன்.

கொடுத்த குட்டியை ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்ப்பது அவர் வழக்கம். ஜீப்பேறி மலைக்கு வந்தவர் நாயின் கழுத்தைத் தடவினார். சங்கிலி உராய்ந்து முடி உதிர்ந்திருந்தது.

"அவிழ்த்தால் ஓடிவிடும்," என்றேன்.

"ஒங்ககிட்ட இருந்து ஓடுனா அது புத்தியுள்ள நாயி, சார்!" என்று கத்திக்கொண்டே அவிழ்த்தார்.

நாய் ஓடவில்லை. என் முன்னால் வந்து நின்று, வளர்த்த அவரையே பார்த்து உறுமியது.

"அது சோலிய அது பாக்குது. இங்கயே இருக்கட்டும்," என்றவர், சங்கிலியை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிப்போனார். எந்த நம்பிக்கையில் விட்டுப்போனாரோ, தெரியவில்லை.

மறுநாளே போடிக்குப் போய் வேறு சங்கிலி வாங்கிவந்தேன்.