பூனைக்கும் மரியாதை

என் மகன் கப்பல்காரன். அவன் கட்டிக்கொண்டது கொலம்பியாவில் மலைப்பக்கத்து ஊர்ப் பெண்ணை. போன வருஷம் கப்பலேறும்போது, இரண்டு மாதம் தூத்துக்குடியில் இருக்கட்டும் என்று அவளை எங்களிடம் விட்டுப்போனான். அவளுக்குத் தமிழ் வராது. அவளுக்காகவே நான் ஆறு மாதம் போனில் ஸ்பானிஷ் படித்துவைத்திருந்தேன். 'டூ' என்றால் நீ, 'உஸ்தேத்' என்றால் நீங்கள். இவ்வளவு தெரிந்தால் குடும்பம் நடத்திவிடலாம் என்ற திமிர் எனக்கு. வந்த அன்றிலிருந்து வாய் நிறைய 'டூ' போட்டுத்தான் அவளிடம் பேசினேன். பெற்ற மகளை நீங்கள் என்றா கூப்பிடுவோம்?

ஆனால் மகன் போனில் பேசும்போது அவள் அவனை 'உஸ்தேத்' என்றாள். சரி, புருஷன். அவனும் அவளை 'உஸ்தேத்' என்றான். எங்கள் தெருவில் ஒருவன் பெண்டாட்டியை வாங்க, போங்க என்றால் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை என்று அர்த்தம். இங்கே தினமும் அப்படி. அதிலும் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே. சண்டை போடுகிறவர்கள் எதற்குச் சிரிக்க வேண்டும்?

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நீ எதுக்குளா அதப் போட்டு மண்டைய ஒடைக்க? அவுகளுக்குள்ள ஆயிரம் இருக்கும்" என்றார்.

மறுநாள் புறவாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒரு தலையைக் கவ்விய பூனையை அவள் 'உஸ்தேத்' போட்டு அதட்டினாள். அப்புறம் அதையே மடியில் வைத்து அதே மரியாதையோடு கொஞ்சினாள். அரிவாள்மனையைச் சாய்த்துவைத்துவிட்டுக் கேட்டேவிட்டேன், உனக்கும் என் மகனுக்கும் ஏதாவது பிரச்சினையா என்று.

அவள் முழித்தாள். பிறகு எனக்குப் புரியட்டும் என்று மெதுவாகச் சொன்னாள். அவர்கள் ஊரில் அம்மா, புருஷன், பிள்ளை, பூனை எல்லாருமே 'உஸ்தேத்'தானாம். 'டூ' வெளியாட்களின் பேச்சாம், மனசு ஒட்டாத பேச்சாம்.

"நீங்கள் முதல் நாளிலிருந்தே என்னை 'டூ' என்கிறீர்கள். என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்" என்றாள்.

உன் அம்மா உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டேன். 'சுமெர்செ' என்றாள். விளக்கம் கேட்டால், ஜெபப் புத்தகத்தில் ஆண்டவரை அழைக்கிற 'தேவரீர்' மாதிரி இருக்கிறது. அதைச் சொல்லியா மகளைக் கொஞ்சுவார்கள்? இன்றுவரை அது என் புத்தியில் ஏறவில்லை. ஆனாலும் மீன் வாடைக் கையோடு, திக்கித் திணறி, தேவரீர் சாப்பிட வருகிறீர்களா என்று அவள் ஊர்ப் பேச்சில் கேட்டேன்.

அவள் அழுதுவிட்டாள். எங்கள் வீட்டுக்கு வந்து அன்றோடு முப்பத்தொன்பது நாள். அத்தனை நாளும் அந்தப் பிள்ளை வேண்டாதவர்கள் வீட்டுச் சோறு என்று நினைத்தே சாப்பிட்டிருக்கிறாள்.