டீச்சர் எனக்கு எழுதிக் கொடுத்த பிறந்த ஊர்

அன்று காலை எழுந்ததும் முதலில் வாசல் கேட்டைத் திறந்து பால் பாக்கெட்டை எடுத்தேன். அது கையில் சொட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. என்னுடன் பள்ளியில் படித்த லதா. "ஜெமிமா, டீச்சர் போயிட்டாங்கடி. தூக்கத்துலயே. குடுத்து வெச்சவங்க" என்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. "அப்போ இனிமே யாருடி கையெழுத்துப் போடுவாங்க?" என்று கேட்டேன். அதிர்ச்சியில் உளறுகிறேன் என்று நினைத்து, தண்ணீர் குடிக்கச் சொன்னாள்.

ஞானசெல்வம் டீச்சரை உங்களுக்குத் தெரியும். கிழக்குத் தாம்பரத்தில் நம் பள்ளியின் தலைமையாசிரியை. யாருக்கு அட்மிஷன் வேண்டுமானாலும், ஆஸ்பத்திரியில் படுக்கை வேண்டுமானாலும், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டுமானாலும் செம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த அவர் வீட்டுக்குத்தான் போவோம். பழைய மாணவர்கள் நாம் டீச்சருக்காகப் போடும் இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும், நான் டீச்சருக்குப் பெண் மாதிரி என்று லதா பிடிவாதம் பிடித்தாள். எழுதுகிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி எழுத என்னால் ஆகாது. எனக்கு அவர் மீது கோபம். அவர் செத்துப்போனது அந்தக் கோபத்தைக் குறைக்கவில்லை.

பள்ளியில் என்னைச் 'சைனா' என்று கூப்பிட்டவர்கள் பலர் இதை வாசிப்பீர்கள். தவறாகக் கூப்பிடவில்லை. நான் மலேசியாவில் ஒரு சீனக் குடும்பத்தில் பிறந்தவள். அங்கே ரப்பர் தோட்டத்தில் கணக்கு வேலை பார்த்த அப்பாவும் அம்மாவும் பிள்ளை இல்லாமல் என்னை எடுத்து வளர்த்தார்கள். சீனர் வீட்டுப் பெண் குழந்தை தமிழர் வீட்டுக்கு வருவது அங்கே அதிசயமில்லை. எனக்கு மூன்று வயதானபோது வேலையை விட்டுவிட்டுத் தாம்பரத்துக்கே திரும்பினார்கள். அவர்கள் இந்தியக் குடிமக்கள். நான் வந்தது மலேசியப் பாஸ்போர்ட்டில், வேறு பெயரில், சுற்றுலா விசாவில். அந்த விசா முடிந்த நாளிலிருந்து சட்டத்தின் கண்ணில் நான் இங்கே அனுமதி இல்லாமல் இருக்கிற வெளிநாட்டுக்காரி.

என்னைப் பள்ளியில் சேர்க்கும்போது அப்பா அந்தப் பாஸ்போர்ட்டைத்தான் எடுத்துப் போயிருக்கிறார். டீச்சர் புரட்டிப் பார்த்துவிட்டு மூடிக் கொடுத்தாராம். "இதெல்லாம் பெட்டியில வைங்க சார். மலேசியான்னு போட்டா ஆயிரம் கேள்வி வரும். பிறந்த ஊர் தாம்பரம்னே போட்டுக்கறேன். எவனாவது கேட்டா எங்கிட்ட அனுப்புங்க." அப்பா இதைக் கண் கலங்கச் சொல்லுவார். அந்தத் 'தாம்பரம்' என்ற சொல் பள்ளிச் சான்றிதழுக்குப் போய், அங்கிருந்து என் பெயரில் இருக்கும் அத்தனை அட்டைகளுக்கும் போயிற்று.

இதைக்கூட மன்னிக்கலாம். அடுத்ததை முடியாது. நான் எட்டாவது படிக்கும்போது, பதினெட்டு வயதுக்குள் என்றால் பிள்ளையைக் குடியுரிமைக்குப் பதிவு செய்ய வழி இருக்கிறது என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் கலெக்டர் ஆபீசுக்குப் போவதாக இருந்தார். அன்று சாயங்காலமே டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். "சும்மா இருக்கிற புண்ணை எதுக்கு சார் சொறியறீங்க? பொண்ணை ஏதாவது ஹோம்ல கொண்டுபோய் வெச்சுட்டா என்ன பண்ணுவீங்க?" அம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எட்டாவது படிக்கிற பெண், கால் தரையில் இழுபடுகிறது. டீச்சர் காபியைக் குடித்துவிட்டு, "ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல" என்று சொல்லிப் போனார். அப்பா அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அன்று டீச்சர் பயந்தது எங்களுக்காகவா, தான் எழுதியது வெளியே வந்துவிடும் என்பதற்காகவா? பலமுறை யோசித்திருக்கிறேன். இரண்டும் அவருக்குள் ஒன்றாகவே கலந்திருந்தன என்றுதான் தோன்றுகிறது.

போன வருடம், திருமுடிவாக்கத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் என்னை வெளிநாட்டுக் கண்காட்சிக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். விசாரிக்க வந்த போலீஸ்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஊரும்மா?"

"தாம்பரம்."

"அத்த கேக்கல. ஒரிஜினலா எந்த ஊரு? நேபாளா, மணிப்பூரா?"

நான் வாயைத் திறப்பதற்குள், யார் சொல்லியோ தெரியாது, டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கினார். நாற்காலியைக்கூடத் தேடாமல் நின்றபடியே ஆரம்பித்தார். "இவ பொறந்தப்ப ஆஸ்பத்திரியில நான் பக்கத்துலயே இருந்தேன். மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. இவங்க அப்பா முழங்கால் தண்ணியில நடந்து வந்தாரு." போலீஸ்காரர் எழுந்து நின்று, "சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர்" என்றார். நான் பிறக்காத ஊரில் நான் பிறந்த அன்று பெய்த மழையைப் பற்றி, என் வீட்டுக் கூடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பொய்யில் பாஸ்போர்ட் வாங்கப் பயந்து நான் போய்ப் பார்த்த வக்கீல், விண்ணப்பத்தை உடனே திரும்ப வாங்கச் சொன்னார். வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொல்வதுதான் நேர்வழி என்றார். அங்கே முதலில் விசா வாங்க வேண்டும். கணவர் இந்தியர் என்பதால் பிறகு குடியுரிமை கேட்கலாம். ஆனால் பாஸ்போர்ட்டில் இருக்கும் குழந்தை நான்தான் என்று யாராவது சொல்ல வேண்டும். 'தாம்பரம்' என்று எழுதியது நானோ என் பெற்றோரோ அல்ல என்றும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஏமாற்றி அட்டை வாங்கியவள் என்று என்னை நாட்டை விட்டே போகச் சொல்லலாம். அப்பாவும் அம்மாவும் இல்லை. இரண்டையும் அறிந்து உயிரோடு இருந்தவர் டீச்சர் ஒருவர்தான்.

போய்க் கேட்டேன். நான் போகும்போது அவரைப் பார்க்க வந்தவர்கள் தட்டில் ஆரஞ்சுப் பழங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் போனதும் விஷயத்தைச் சொன்னேன்.

"நான் பொய் எழுதினேன்னு நானே எழுதிக் குடுக்கணுமா?"

"அப்படி இல்ல டீச்சர். நடந்தது என்னன்னு ஒரு அபிடவிட்."

"உன்னைக் காப்பாத்தினேன்டி. நீ என்னைக் காட்டிக் குடுக்கப் பாக்கற."

"எனக்கு ஒரு நாடு வேணும் டீச்சர்."

"இந்த நாட்டுல உனக்கு என்ன குறை? சோறு இல்லியா, வேலை இல்லியா? புருஷன் இல்லியா? வேணும்னா சொல்லு, பிறப்புச் சான்றிதழே ஒண்ணு எடுத்துத் தரச் சொல்றேன். ஆள் இருக்கு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் போனேன். ஒவ்வொரு மாதமும் உடம்பு சரியில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். ஒருமுறை என் கையில் ஒரு ஆரஞ்சைத் திணித்து அனுப்பினார்.

இதையும் எழுதியாக வேண்டும். அம்மா புற்றுநோயில் படுத்திருந்தபோது தினமும் கஞ்சி கொண்டுவந்தவர் அவர். அம்மா இறந்ததும் உடலைக் குளிப்பாட்டி, தலை வாரி, புடவை கட்டிவிட்டவரும் அவர்தான். நான் பக்கத்தில் தண்ணீர்க் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருடைய அன்பு பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த அன்புக்கு நாங்கள் எப்போதும் அவரை நம்பியே நிற்க வேண்டியிருந்தது. அவர் இல்லாமலே நான் நிற்கக்கூடிய ஓர் உதவியைக் கேட்டபோது அது மட்டும் அவரிடம் இல்லை.

அடக்க ஆராதனையில் அவர் எத்தனை பேருக்கு வாழ்வு கொடுத்தார் என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் என் பக்கம் குனிந்து, "நீங்க நாகாலாந்தாம்மா? அவ்ளோ தூரத்துப் பிள்ளைங்களைக்கூடப் படிக்க வெச்சிருக்காங்களே, மகராசி" என்றார். நான் தலையாட்டினேன். சர்ச்சுக்குள் அதற்கு மேல் விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். எந்த அதிகாரி முன்னாலும் அவர் குரல் இறங்கிக் கேட்டதில்லை. பொய் சொல்ல அவருக்கு உதவிய அந்தக் குரல் எனக்கு வேண்டும். மற்றதெல்லாம் அவரோடு போகட்டும்.

வேறொரு சாட்சி கிடைக்கும்வரை அந்த அலுவலகத்துக்குப் போகவே கூடாது என்கிறார் வக்கீல். இத்தனை வருடம் ஓடிவிட்டது, மீதியும் ஓடட்டும் என்கிறார் கணவர். ப்ளஸ் டூ படிக்கும் மகனுக்கு எதுவும் தெரியாது. வரும் திங்கட்கிழமை கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, அந்தப் பழைய மலேசியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்குத் தனியாகப் போகப் போகிறேன். பள்ளியில் பிறந்த ஊரை மாற்றி எழுதியது யார் என்று கேட்பார்கள். ஞானசெல்வம் டீச்சர் என்று சொல்வேன். நம் பள்ளியின் பெயரும் அதில் வரும். வீட்டில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை.