லெட்டிங் யூ கோ

இது நடக்கும் என்று போன தீபாவளிக்கே சொன்னவன் நான். எவன் கேட்டான்?

இன்று காலை திருவொற்றியூரில், எங்கள் கம்பெனி கேட்டில், புது ஆபீசரம்மா காண்ட்ராக்ட் ஆட்களையெல்லாம் நிற்கவைத்து, "வீ ஆர் லெட்டிங் யூ கோ" என்றார்.

என்னோடு லோடு ஏற்றும் பஷீர் சட்டையைப் பிடித்து இழுத்தான். "இன்னா மாமு சொல்லுது அந்தம்மா?"

கப்பல் கேப்டன்களுக்கே இங்கிலீஷ் திருத்தியவன் நான்.

"லெட் கோன்னா வேலைய வுட்டு நிறுத்திட்டாங்க நைனா. பொங்கலுக்கு அப்பால திரும்பக் கூப்புடுவாங்களாம்."

"அப்ப சரி மாமு" என்று அங்கேயே டிபன் பாக்ஸைத் திறந்தான். நானும் சாப்பிட்டேன். ருசி ஒன்றும் தெரியவில்லை.

பொங்கல் சமாச்சாரம் மட்டும் அந்தம்மா சொல்லவில்லை, நானே சேர்த்தது. பஷீர் பேஸ்புக்கில் இல்லை, யாரும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

எங்காவது வேலை இருந்தால் கமெண்டில் போடுங்கள். இரண்டு பேருக்கு.