"வரேன்" என்று சொல்லக் கூடாத வேலை

கரி பஸ்ஸின் புகை... பாட்டில் கார்க்கைத் திறந்ததும் மூக்கில் ஏறும் காய்ச்சல் மிக்சரின் கசப்பு... இந்த இரண்டும் சேர்ந்தால்தான் எனக்கு மொரப்பூர்.

யுத்த காலம். பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் பின்னால் அடுப்பைக் கட்டி, கரி போட்டு எரித்து ஓட்டுவார்கள். வெள்ளைப் புடவையோடு ஏறினால் சாம்பல் புடவையோடு இறங்குவேன்.

நூறைத் தொடப் போகும் கிழவிக்கு ஃபேஸ்புக்கில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். நான் சொல்கிறேன், என் அண்ணன் பேத்தி பவித்ரா டைப் செய்கிறாள். தப்பிருந்தால் அவளைத் திட்டுங்கள்.

கல்யாணமான மறு வருஷமே வீட்டுக்காரர் காலராவில் போய்விட்டார். அண்ணன் வீட்டுக்கு வந்தேன். அண்ணி தங்கமானவள்தான். ஆனாலும் அடுத்தவள் அடுப்படியில் எத்தனை காலம் சாம்பல் அள்ளுவது?

சேலத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆட்கள் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதால், ஊர் ஊராகப் போய் மருந்து விற்க ஆள் தேவைப்பட்டது. அந்த வேலைக்கு அப்போது கான்வாசர் என்று பெயர். எட்டாவது படித்த தைரியத்தில் போய் நின்றேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூணு மாசம் பாக்கறேம்மா. வித்துக் காட்டுனா வேல உனக்கு. இல்லன்னா பொட்டியக் குடுத்துட்டு அண்ணன் வூட்டுக்கே போயிரு."

கூடவே ஒரு பாடமும் சொன்னார். "பாட்டிலக் குடுத்துட்டு சும்மா வந்துராத. அடுத்த மாசம் வரேன்னு சொல்லிட்டு வா. அப்பத்தான் கஸ்டமர் நிப்பாங்க."

அண்ணன் குதித்தார். "பொட்டியத் தூக்கிட்டுத் திரிஞ்சா ஊரே சிரிக்கும் புள்ள!"

"சிரிக்கட்டும்ணா. அவங்க பல்லு, அவங்க வாயி."

முதல் மாதம் சித்தேரி மலையடிவாரத்து ஊர்கள். வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். பெட்டி காலியாகிவிட்டது. ஒவ்வொரு வாசலிலும் முதலாளி சொன்னபடியே, "போயிட்டு வரேனுங்க... அடுத்த மாசம் மறுபடியும் வரேன்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாம் மாதம் போனால்... என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்துகிறார்கள்! தண்ணீர் கேட்டால்கூட உள்ளிருந்து சத்தமில்லை. பெட்டி கனத்தது. அதைவிட மனசு கனத்தது. இதோடு போச்சு நம் பிழைப்பு, மறுபடியும் அண்ணன் வீட்டு அடுப்படிதான் என்று அழுகையே வந்துவிட்டது.

ஊர்க்கோடியில் ஒருத்தி வழியை மறித்தாள். காளியம்மா. என் வயதுதான் இருக்கும். இடுப்பில் துவண்டு கிடந்த பிள்ளை.

"ஏனுங்க, மருந்து குடுத்த வாயால மறுபடியும் வரேன்னு சொல்லலாமுங்களா? நல்லாயிருந்த புள்ளைக்குத் திரும்பக் குளிரு வந்துருச்சு. இப்ப யாரு வூட்டுக்கு நோவக் கூட்டிட்டு வந்தீங்க?"

எனக்குச் சுரீர் என்றது.

வைத்தியர் வீட்டிலிருந்து கிளம்பும்போது "வரேன்" என்று சொன்னால் என் அம்மா வாயிலேயே போடுவாள். மருந்துக்கும் "வரேனு"க்கும் ஆகாது என்று பால் குடித்த நாளிலிருந்து தெரிந்த எனக்கு, பெட்டியைத் தூக்கியதும் எப்படி மறந்தது? கம்பெனிப் பேச்சில் புத்தி மழுங்கிவிட்டது, வேறென்ன.

"தப்புத்தானுங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவள் முகம் கொஞ்சம் இளகியது. பிள்ளையின் நெற்றி கொதித்தது. மருந்தும் அவளுக்கு வேண்டும், நான் படியேறவும் கூடாது... அவளே வழி சொன்னாள்.

"நீங்க வூட்டுக்கு வராதீங்க. சந்தையில உக்காருங்க. வேணுங்கறவங்க நாங்க தேடி வர்றோம்."

அந்த வாரமே மொரப்பூர் சந்தையில், உப்புக்காரிக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். பெண்கள் புளி வாங்குகிற சாக்கில் வந்து, பாட்டிலை முந்தானையில் முடிந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், திரும்பியும் பார்க்காமல் போவார்கள். நானும் வாயைத் திறக்க மாட்டேன்.

மூன்றாம் மாதக் கடைசியில் முதலாளியே சந்தைக்கு வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"என்னம்மா இது? சொல்லிக்காமக் கொள்ளாமப் போறாங்க... எல்லாருக்கும் உம்மேல கோவமா?"

"கோவமில்லீங்க. மருந்து வாங்குனா அப்படிப் போறதுதாங்க மொற." பெட்டியைத் திறந்து காட்டினேன். பாட்டில் உடையாமலிருக்க அடியில் போட்ட வைக்கோல்தான் மிச்சம் இருந்தது.

மனிதர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "வேல உனக்குத்தான். போ!"

அன்றைக்கே சந்தைக்குக் காளியம்மாவும் வந்தாள். பிள்ளை பக்கத்தில் பொரிக்கு அடம்பிடித்துக்கொண்டு நின்றான். அவள் மருந்து வாங்கவில்லை. ஒரு முடிச்சு சாமையை என் மடியில் வைத்தாள். நாலடி போனவள், நின்று திரும்பினாள்.

"போயிட்டு வரேனுங்கக்கா."

மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் "வரேன்". வேலை கிடைத்தபோது அழாதவள் அப்போது அழுதேன். உப்புக்காரி, "உப்புக் காத்துங்க, கண்ணு எரியத்தான் செய்யும்" என்றாள்.

அந்தப் பெட்டிதான் பிறகு எனக்கு ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்தது. சொந்த அடுப்படி, சொந்தச் சாம்பல்!

இப்போது மருந்தெல்லாம் போனிலேயே வருகிறது. தீர்வதற்கு முன்பே "மறுபடி ஆர்டர் பண்ணவா?" என்று அதுவே கேட்கிறது. காளியம்மா இருந்திருந்தால் போனைச் சுக்குநூறாக உடைத்திருப்பாள்!

ஊர் சிரிக்கும் என்று குதித்த அண்ணனின் பேத்தி, இதோ டைப் செய்கிறாளே இவள், இவளும் மெடிக்கல் ரெப்தான். தொப்பூர் வரைக்கும் இவள் ஸ்கூட்டி பறக்கிறது. சிரிக்கத்தான் ஊரில் யாருக்கும் நேரமில்லை.

காலையில் கிளம்பும்போது தோளில் பையோடு, "ஆயா, போயிட்டு..." என்று ஆரம்பிப்பாள். நான் முறைப்பேன்.

மருந்துப் பையைத் தரையில் இறக்கி வைப்பாள். வெறுங்கையோடு கிட்டே வந்து, "வரேன் ஆயா" என்பாள்.

"வா சாமி" என்பேன்.

அப்புறம்தான் பையை எடுப்பாள்.